கான்ஜிக்கு மேல் ஃபுரிகானா: ஒரு சொல் இரண்டாகப் பிளந்து தெரிவது ஏன்?

பொன்வண்டு கேட்டது:
வணக்கம். ஜப்பானிய மொழியைப் புதிதாகப் பயில்வோருக்கான சிறு வாசிப்பு நூல் ஒன்றை லுவாலாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில், ஃபுரிகானா இடுவதற்கான பிஎக்ஸ்ரூப்ரிகா தொகுப்பைக் கொண்டு கோத்து வருகிறேன். கான்ஜி எனும் சீன வழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ரூபி கட்டளை கொடுத்து, அதன் ஒலிப்பை ஹிரகானா எனும் ஒலியெழுத்தில் சிறிதாக மேலே, அதாவது ஃபுரிகானாவாக, இட்டிருக்கிறேன். உற்றுநோக்குதலைக் குறிக்கும் ‘கியோஷி’ என்ற சொல்லின் இரண்டு கான்ஜிகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, ஒரு சொல் இரண்டு சொற்களாகத் தெரிகிறது. பெரியவரைக் குறிக்கும் ‘ஒதொனா’வுக்கு மூன்று ஹிரகானாக்களில் எதை எந்தக் கான்ஜியின் மேல் வைப்பது என்றே விளங்கவில்லை. போதாக்குறைக்கு, ஃபுரிகானா வரும் வரிகள் மட்டும் மேல்வரியை விட்டு விலகி நிற்கின்றன.

அச்சுமை எழுதியது:
உங்கள் மூல எழுத்து 12 பாயின்ட் என்று கொள்வோம். ஃபுரிகானா வழக்கமாக அதில் பாதி, அதாவது 6 பாயின்ட். ‘கியோ’ என்பது கி, சிறிய யோ, உ என மூன்று எழுத்தாகையால் 18 பாயின்ட் அகலம் கேட்கிறது. கீழே இருக்கும் கான்ஜியோ 12 பாயின்ட்தான். பக்கத்தில் இருப்பதும் கான்ஜி என்பதால் அதன் தலைமேல் சாய இடமில்லாமல், இருபுறமும் 3 பாயின்ட் வெற்றிடம் விழுகிறது. ஆனால் ‘ஷி’க்கு ஒரே எழுத்துதான், சொல்லை முழுமையாகப் பார்த்தால் நான்கு ஹிரகானாவும் 24 பாயின்ட், இரண்டு கான்ஜியும் 24 பாயின்ட். எனவே சொல் முழுவதையும் ஒரே கட்டளைக்குள் கொடுத்து, ஒலிப்பை மட்டும் நடுவில் ஒரு செங்குத்துக் கோட்டால் பிரியுங்கள். இதற்கு ஜுகுகோ (கூட்டுச்சொல்) ரூபி என்று பெயர். வரி நடுவே முறிந்தாலும் அந்தந்தக் கான்ஜி தன் ஒலிப்பைத் தன்னோடு கொண்டுபோகும்.

‘ஒதொனா’வைப் பிரிக்க முயல வேண்டாம். அந்த ஒலிப்பு இரண்டு எழுத்தும் சேர்ந்த சொல்லுக்கு உரியதே தவிர, தனி எழுத்து எதற்கும் உரியதன்று. ரூபி கட்டளையின் விருப்பப் பகுதியில் (சதுர அடைப்புக்குள்) ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தை இட்டு, குழு ரூபியாக மூன்றையும் சமமாகப் பரப்பிவிடுங்கள்.

ஈயக்கட்டை எழுதியது:
வரி விலகுவதற்குக் காரணம், வரி இடைவெளி ஃபுரிகானாவுக்குப் போதாமல் இருப்பதுதான். ஜப்பானிய நூல்களில் இரு வரிகளுக்கு நடுவே எழுத்தின் அளவில் பாதி முதல் முழு அளவு வரை இடம் விடுவது மரபு. 12 பாயின்ட் எழுத்துக்கு 20 அல்லது 21 பாயின்ட் வரியளவை, ஃபுரிகானா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கம் முழுவதற்கும் வைத்துவிடுங்கள். வேர்டில் கோப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு; அங்கே வரி இடைவெளியில் ‘எக்ஸாக்ட்லி’யைத் தேர்ந்து, பாயின்ட் கணக்கில் எண்ணைக் கொடுத்தால் சரியாகும்.

கேட்காத செய்தி ஒன்று: ரூபி என்பது 5.5 பாயின்ட் அச்செழுத்துக்குப் பிரிட்டன் அச்சகங்களில் வழங்கிய பெயர். மெய்ஜி கால (1868–1912) ஜப்பானில் 5ஆம் எண் அளவு எழுத்துக்கு மேல் வைத்த 7ஆம் எண் அளவு எழுத்து ஏறக்குறைய அதே அளவாக இருந்ததால் அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

தும்பை எழுதியது:
ஈய எழுத்துக் காலத்தில் ஃபுரிகானாவில் சிறிய யா, யு, யோ எழுத்துகளையும் பெரியதாகவே கோப்பது வழக்கம். அந்த அளவில் சிறியவை கண்ணுக்குத் தெரியா. சில பழைய நூல்களைப் பார்த்து அதைப் பின்பற்றிவிடாதீர்கள். ‘பியோஇன்’ மருத்துவமனை, ‘பியோஇன்’ அழகு நிலையம்: தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, ஹிரகானாவில் வேறுபாடு அந்த ஒரு யோ சிறியதா பெரியதா என்பதில்தான் இருக்கிறது. மாணவர் நூலில் சிறியதைச் சிறியதாகவே வையுங்கள்.

பொன்வண்டு எழுதியது:
மூவருக்கும் நன்றி. ‘கியோஷி’ ஒன்றுசேர்ந்துவிட்டது, 20 பாயின்ட் வைத்ததும் வரிகளும் சீராகின. ‘ஒதொனா’ ஓரிடத்தில் வரியின் கடைசியில் வந்து, உடைக்க முடியாததால் முழுதாக அடுத்த வரிக்குப் போய், மேல்வரியைச் சற்றுத் தளர்த்திவிட்டது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.