தினமும் 140 கிலோமீட்டர், ஸ்போர்ட்ஸ் கூபே, தாங்க முடியாத முதுகுவலி: காரை மாற்றத்தான் வேண்டுமா?

சாம்பல்கூபே

வணக்கம் நண்பர்களே. ஐந்து மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே (இரண்டு கதவு கார்) வாங்கினேன். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், ஆறு கியர் மேனுவல், ரியர் வீல் டிரைவ். பள்ளி நாட்களிலிருந்து ஆசைப்பட்ட வண்டி. வளைவுகளில் அது போகிற அழகைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் என் உடம்பில்தான் தெரிகிறது. வேலைக்குப் போக 70 கிலோமீட்டர், திரும்பி வர 70. பெரும்பகுதி நெடுஞ்சாலை, கடைசி 12 கிலோமீட்டர் ஊர்ந்து போகும் நெரிசல். பாலங்களில் இரும்புப் பட்டை இணைப்பு வரும் இடத்தில் ‘டக், டக்’ என்று நேராக இடுப்பெலும்பில் அடிக்கிறது. நாற்பது நிமிடம் ஆனதும் வலது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை மரத்துப்போகிறது. போதாக்குறைக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே ஒரு ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். வீடு சேரும்போது தலை கனத்துவிடுகிறது.

ஜெல் மெத்தை ஒன்று வாங்கி சீட்டில் போட்டேன். தலை கூரையில் தட்டியது, சீட்டின் பக்க அணைப்பும் இடம் மாறி விலாவைக் குத்தியது. எடுத்துவிட்டேன். டயர் 225/35 ஆர்19, காற்று 41 பிஎஸ்ஐ காட்டுகிறது.

வீட்டில் விற்றுவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. எதிலிருந்து சரிபார்க்கத் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஆறாம்கியர்

உண்மையைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான். நானும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு செடானுக்கு மாறினேன். முதுகு ஒன்றுதான் இருக்கிறது.

ரப்பர்வாசம்

ஆறாம்கியர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுவும் இவ்வளவு சீக்கிரம். டயர் அளவைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மாதிரி 2.0 லிட்டர் கூபேக்களில் கம்பெனி போட்டுத் தருவது பெரும்பாலும் 17 அங்குல ரிம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் என்ன அளவு, எவ்வளவு காற்று என்று பாருங்கள்.

காற்றை எப்போது அளந்தீர்கள்? ஓடி வந்த டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளப்பும் முன் அளந்து சொல்லுங்கள்.

சாம்பல்கூபே

ஸ்டிக்கரில் 215/45 ஆர்17, 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. காலையில் அளந்தேன், நான்கிலும் 38. முந்தைய உரிமையாளர் ரிம் மாற்றியிருக்கிறார் போலிருக்கிறது. 35-க்கு இறக்கிவிடட்டுமா?

ரப்பர்வாசம்

அவசரப்பட்டு இறக்காதீர்கள். அந்த 35 என்பது 17 அங்குல டயருக்கான கணக்கு. உங்களுடைய 19 அங்குல டயரின் பக்கவாட்டில் ‘எக்ஸ்எல்’ (கூடுதல் பாரம் தாங்கும் வகை) என்று போட்டிருந்தால், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். இறக்கினால் குழியில் ரிம் அடிவாங்கும்.

கணக்கைப் பாருங்கள். டயர் அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 45 சதவீதம் என்றால் பக்கச்சுவர் உயரம் சுமார் 97 மில்லிமீட்டர். 225-ல் 35 சதவீதம் 79 தான். சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே 18 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் காணாமல் போயிருக்கிறது. பாலத்து இணைப்பு மாதிரி கூர்மையான அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான். ஷாக் அப்சார்பர் அசையத் தொடங்கும் முன்பே அந்த அடி உங்கள் இடுப்புக்கு வந்துவிடும். ஸ்பீடோமீட்டரும் கொஞ்சம் குறைத்துக் காட்டும், மொத்த விட்டம் இரண்டரை சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கிறது. அதையும் மனசில் வையுங்கள்.

ஸ்பிரிங்தட்டு

இருபது வருடமாக சஸ்பென்ஷன் வேலை செய்கிறேன். ரிம்மை மாற்றியவர் அதோடு நிறுத்தியிருக்க மாட்டார். வண்டி தாழ்ந்து நிற்கிறதா? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது?

சாம்பல்கூபே

முன்னால் ஒரு விரல்கூடச் சிரமம். பின்னால் ஒன்று. ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன்.

ஸ்பிரிங்தட்டு

அப்படி நிற்காது. யாரோ ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ இருக்கிறார்கள். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஷாக் அப்சார்பர் தண்டின் மேல்முனையில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை ரப்பர் கட்டை இருக்கும். சக்கரம் மேலே ஏறிக் கடைசிக்கு வரும்போது இரும்போடு இரும்பு இடிக்காமல் தாங்குவது அதன் வேலை. வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் போய்விடும். ஷாக் அப்சார்பரும் பம்ப் ஸ்டாப்பும் பழையபடியே இருந்தால், வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் அப்சார்பரின் உடல் அந்தக் கட்டையைத் தொடுகிற அளவுக்கு நெருங்கியிருக்கும். அப்புறம் சின்ன மேடு வந்தாலும் நீங்கள் ஸ்பிரிங் மேல் போவதில்லை, ரப்பர் கட்டை மேல் போகிறீர்கள். இதைத்தான் பலர் ‘ஸ்டிஃப்பான சஸ்பென்ஷன்’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

உடம்புக்கு இது ஏன் ஆகாது என்றால், உட்கார்ந்திருக்கும் மனிதனை மேலும் கீழுமாக ஆட்டினால், நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் ஆட்டம்தான் மிகவும் உறுத்தும். முதுகுத்தண்டும் வயிறும் சேர்ந்து அதிர்கிற இடம் அது. குடும்பக் கார் ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை ஒட்டி இருக்கும். அதுவரை தாங்கலாம். பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்ததும் மொத்த விறைப்பு நான்கு மடங்கு ஆகிறது என்று வையுங்கள், ஆட்டத்தின் வேகம் இரு மடங்காகி நேராக அந்த 4-க்குள் நுழைந்துவிடும்.

‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். 2017-ல் வந்த ஆல்பைன் ஏ110-ஐப் பாருங்கள். எடை சுமார் 1,100 கிலோ, ஸ்பிரிங் மென்மையானது, கடைசித் தூரத்தைத் தாங்க ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் வைத்தார்கள். சக்கரம் ஏறி இறங்க முழு இடமும் கிடைக்கிறது. வளைவிலும் நன்றாகப் போகும், சாலையிலும் உட்கார முடியும்.

சோதிப்பது சுலபம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள், முன்சக்கரத்துக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் தெரியும். தூசு உறையை மேலே தூக்கி, தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுகலாகக் கட்டி, கீழே ஷாக் அப்சார்பரின் உடலை ஒட்டித் தள்ளி வையுங்கள். தினம் போகிற வழியில் ஒருமுறை போய்விட்டு வந்து பாருங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை தண்டு உள்ளே போயிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் இருந்தால்தான்.

சாம்பல்கூபே

இன்று பார்த்தேன். வண்டி தரையில் நிற்கும்போதே தண்டில் பளபளவென்று தெரிகிற பகுதி 8 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் மஞ்சள் நுரைக் கட்டை. கட்டிய டை கட்டைக்குள் புதைந்து பிய்ந்துபோயிருந்தது. கட்டையின் கீழ்ப்பாதி தூளாக உதிர்கிறது, விரலில் மஞ்சள் மாவு மாதிரி ஒட்டியது.

ஸ்பிரிங்தட்டு

பிடிபட்டது. கம்பெனி ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டாப் இரண்டும் போடுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம், அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) கட்டாயம்.

முதுகெலும்பு

நான் பிசியோதெரபி செய்பவள். வண்டியைப் பற்றி மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு அந்த மரத்துப்போவதுதான் கவலை. வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் என்கிறீர்கள். பர்ஸ் எந்தப் பாக்கெட்டில்?

சாம்பல்கூபே

வலது பின்பாக்கெட்.

முதுகெலும்பு

முதலில் அதை எடுங்கள். ஆழமான சீட்டில் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துவிடும். உடம்பின் பாரம் பிட்டத்தில் குவிகிறது, பர்ஸ் அந்த இடத்தில் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பை ஒருபக்கமாக அழுத்துகிறது, இடுப்பும் ஒருபுறம் சாய்கிறது. சாதாரண சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து தப்பித்துக்கொள்ளலாம். இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் உங்கள் பக்கெட் சீட் நகர விடாது.

அப்புறம் சீட்டை வைக்கும் முறை. பிட்டத்தைப் பின்னால் கடைசிவரை தள்ளி உட்காருங்கள். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். நெரிசலில் நூறு தடவை கிளட்ச் மிதிக்கும்போது கால் எட்டாமல் இடுப்பு திரும்பினால், அந்த நூறு திருப்பமும் அடிமுதுகுக்குத்தான் போகும். முதுகுச் சாய்வு 100 முதல் 110 டிகிரி போதும், படுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். தோள்பட்டை சீட்டைத் தொட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். எட்டவில்லை என்றால் ஸ்டீயரிங்கை உங்கள் பக்கம் இழுங்கள், நீங்கள் அதன் பக்கம் குனியாதீர்கள். மெத்தைக்குப் பதிலாக ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் உயரத்தில் வையுங்கள். உயரமும் கூடாது, வளைவும் நிரம்பும்.

உங்களைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாதத்தைத் தூக்க முடியாமல் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு சீட்டும் ஸ்பிரிங்கும் மருந்தில்லை.

புகைக்குழல்

ரீங்காரத்துக்கு வருகிறேன். அது டயரா, சைலன்சரா என்று கண்டுபிடியுங்கள். சத்தம் வரும் அதே வேகத்தில் ஆறாவதிலிருந்து ஐந்தாவது கியருக்கு மாறுங்கள். டயர் சத்தம் வேகத்தோடு போகும், கியர் மாற்றினால் அப்படியே இருக்கும். சைலன்சர் சத்தம் என்றால் மறையும் அல்லது குரல் மாறும். 100-ல் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று)?

சாம்பல்கூபே

2,700. ஐந்தாவதில் போட்டதும் நின்றுவிட்டது! சைலன்சரும் கம்பெனியுடையது இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன், வாய் அகலமாக இருக்கிறது.

புகைக்குழல்

நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,700 என்றால் நொடிக்கு 45 சுற்று, 90 வெடிப்பு. அந்த 90 ஹெர்ட்ஸ் உங்கள் கேபினின் காற்றையே அதிரவைக்கிறது. தாழ்ந்த ஒலி என்பதால் மெத்தென்ற விரிப்பு எதைப் போட்டாலும் அடங்காது. கம்பெனி சைலன்சர் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் புகைக்குழாயில் பக்கக்குழாய் ஒன்றை வெல்டிங் செய்து பற்றவைக்கலாம், மறுமுனை மூடியிருக்க வேண்டும். அதற்குள் போய்த் திரும்பும் ஒலி ரீங்காரத்தை அடக்கும். நீளம் அந்த ஒலியலையில் கால்வாசி. குளிர்ந்த காற்றில் அது சுமார் 95 சென்டிமீட்டர், சூடான புகையில் ஒலி வேகமாக ஓடுவதால் ஒரு மீட்டரைத் தாண்டும்.

சாம்பல்கூபே

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முந்தைய உரிமையாளரைப் பிடித்துக் கேட்டேன். பழைய ஸ்பிரிங்கும் 17 அங்குல ரிம்மும் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன, கொடுத்துவிட்டார். புது பம்ப் ஸ்டாப், புது டயர், அலைன்மென்ட் எல்லாம் ஆயிற்று. அதே பாலம், அதே இணைப்பு, இப்போது ‘தொப்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, இடுப்பில் எதுவும் இல்லை. ஸ்டீயரிங் கூர்மை ஒரு நூல் குறைந்திருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன்.

பர்ஸ் கியருக்குப் பக்கத்துக் குழியில். மரத்துப்போவது முதல் வாரமே குறைந்தது, இந்த வாரம் ஒரு நாளும் வரவில்லை. நெரிசலில் இடது கால் மட்டும் இன்னும் களைக்கிறது. பழைய சைலன்சர் அவரிடம் இல்லை, அதனால் பக்கக்குழாய்தான் போடப்போகிறேன். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆறாம்கியர்

என் பழைய வண்டியும் தாழ்த்தின வண்டிதான். யாராவது அன்றே இந்தக் கேபிள் டை விஷயத்தைச் சொல்லியிருந்தால் விற்றிருக்க மாட்டேன்.

புகைக்குழல்

குழாயை எடுத்த எடுப்பில் முழுக்கப் பற்றவைத்து விடாதீர்கள். 130 சென்டிமீட்டருக்கு வெட்டி, முனையில் நகர்த்தக்கூடிய மூடியைக் கிளாம்ப் போட்டு, ஓட்டி ஓட்டி 5 சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீளம் தப்பாகிவிடும். எத்தனையில் அடங்கியது என்று இங்கே எழுதுங்கள், இதே எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.