‘அப்’ படத்தில் கரு கலையவே இல்லை, முதலில் அந்த நோட்டீஸைத் திருத்துங்கள்

அல்சூர் ஆந்தை
பெங்களூருவில் ஒரு அபார்ட்மெண்ட் தமிழ்க் குழு குழந்தைகள் தினத்துக்குப் படம் போடுகிறதாம். நோட்டீஸ் எல்லா வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. “‘அப்’ நல்ல குடும்பப் படம். ஆனால் ஆரம்பத்தில் கருக்கலைப்புக் காட்சி இருப்பதால் முதல் 12 நிமிடத்தை விட்டுவிட்டுப் போடுகிறோம்.” படித்ததிலிருந்து பற்றி எரிகிறது.

பிக்சார் அனிமேஷன் படம், 2009, பீட் டாக்டர் இயக்கியது. கார்ல் என்ற கிழவர் பலூன் கட்டி வீட்டையே பறக்கவிடும் கதை. ஆரம்பத்தில் கார்ல், எல்லி கல்யாணத்தில் தொடங்கி எல்லி சாகும் வரை ஏறக்குறைய நாலரை நிமிஷம். பேச்சே கிடையாது. அதில் வருவது இதுதான்: இரண்டு பேரும் மேட்டில் படுத்து மேகம் பார்க்கிறார்கள். மேகமெல்லாம் குழந்தையாகத் தெரிகிறது. ஒரு அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். எல்லி சுவரில் குழந்தை தூக்கி வரும் நாரையை வரைகிறாள். அடுத்து டாக்டர் அறை. அவள் முகத்தைக் கையில் புதைத்திருக்கிறாள், கார்ல் பின்னால் நின்று தோளைத் தடவுகிறான், டாக்டர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். சில நொடிதான். வயிறு எங்கே? ரத்தம் எங்கே? பிள்ளை பிறக்காது என்று சொல்கிறார், அவ்வளவுதான். கருவே தங்காதபோது கலைவது எங்கிருந்து?

மல்லேஸ்வரம் மாமி
டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது? டாக்டர் எடுத்த படத்துல டாக்டர் பேசறது யாருக்குமே கேக்காது. நாள் தள்ளிப் போகாம யாராவது ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு நாரை வரைவாளா? உண்டாயிருந்தா, கலைஞ்சுடுத்து. குழந்தைக்கே புரியறது.

அல்சூர் ஆந்தை
நம் ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள் மாமி. நம் வீடுகளில் வளைகாப்பு முடிந்தாலும் தொட்டில் வாங்கமாட்டார்கள், பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்படிப் பார்த்தால் எல்லிக்கு ஏற்கெனவே பிள்ளை பிறந்திருக்க வேண்டும். அவர்கள் ஆசைப்பட்டதும் அறையைத் தயார் செய்கிறார்கள். மறுபடி கேட்கிறேன், வயிறு எங்கே?

வார்டு நம்பர் 6 நர்ஸம்மா
முதலில் வார்த்தை. கருக்கலைப்பு என்றால் வேண்டுமென்று கலைப்பது. தானாகக் கலைந்தால் கருச்சிதைவு. நோட்டீஸ் எழுதியவர் இரண்டையும் குழப்பிவிட்டார். அதைப் படிக்கும் அம்மா படத்தைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொள்வாள்.

அடுத்து, “வயிறு எங்கே” என்பதெல்லாம் ஒரு வாதமா? உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 கலைகிறது. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அப்போது வயிறு வெளியே தெரியாது. அதுவும் தொளதொள உடையில் சுத்தமாகத் தெரியாது.

அல்சூர் ஆந்தை
நன்றி நர்ஸம்மா, நோட்டீஸ் தப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

வார்டு நம்பர் 6 நர்ஸம்மா
வார்த்தை தப்பு என்றேன். உங்கள் பக்கம் சரி என்று எங்கே சொன்னேன்?

சில்க்போர்டில் சிக்கியவன்
வழக்கம்போல லேட். ஒரு சின்ன சந்தேகம். “குடும்பப் படம்” என்றால் என்ன என்று யாராவது சொல்லிவிட்டுச் சண்டை போடுங்களேன். குழந்தைக்காக எடுத்ததா, குழந்தையோடு உட்கார்ந்து பார்ப்பதா? அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது ஜி (எல்லா வயதும் பார்க்கலாம்) இல்லை, பிஜி (பெற்றோர் வழிகாட்டல் நல்லது). ‘தி இன்கிரெடிபிள்ஸ்’க்கு அடுத்து பிஜி வாங்கிய இரண்டாவது பிக்சார் படம் இது. இங்கே சென்சார் போர்டு 2024 முதல் யுஏவையே (பெற்றோர் வழிகாட்டலோடு பார்ப்பது) 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. ‘ஜங்கிள் புக்’குக்கே 2016இல் யுஏ கொடுத்த ஊர் இது. எந்த அளவுகோலில் பேசுகிறோம்?

அல்சூர் ஆந்தை
அதெல்லாம் அப்புறம். வயிறு எங்கே?

மல்லேஸ்வரம் மாமி
நாரை எங்கேர்ந்து வந்துது?

கோரமங்களா கேமரா
கலைந்ததோ தங்கவில்லையோ, 12 நிமிஷத்தை வெட்டினால் மீதிப் படம் நொண்டியடிக்கும். அதை யாருமே பேசவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தபால் பெட்டி. ஈரப் பெயின்டில் கார்லின் கை தெரியாமல் பட்டுவிடும், எல்லி பக்கத்திலேயே தன் கையையும் பதிப்பாள். பின்னால் கட்டடத் தொழிலாளி அந்தப் பெட்டியை இடித்ததும் கார்ல் கைத்தடியால் அவர் மண்டையில் போடுவார், ரத்தம் வரும். முதல் பகுதி இல்லாவிட்டால், சும்மா நிற்கும் கூலிக்காரரைக் கிழவர் காரணமில்லாமல் அடிக்கிறார் என்றுதான் குழந்தை நினைக்கும். சோகத்தை வெட்டிவிட்டு வன்முறையை வைத்துக்கொள்கிறீர்கள்.

சோடா மூடி பேட்ஜ். எல்லி சின்ன வயதில் கார்லுக்குக் குத்தியது. கடைசியில் அது, கார்லோடு பயணம் வரும் சிறுவன் ரஸ்ஸலின் தோள் பட்டைக்குப் போகும்போது பெரியவர்கள் அழுவார்கள், வெட்டிய பிரதியைப் பார்த்த பிள்ளைகள் “அது என்ன பட்டன்?” என்று கேட்பார்கள்.

சாகச நோட்டுப் புத்தகம். “இனி நான் செய்யப் போகிறவை” என்று எழுதி வெறுமையாக விட்ட பக்கங்கள். பின்பாதியில் கார்ல் அதைப் புரட்டும் இடம்தான் படத்தின் உயிர். டாக்டர் அறைக்கு அப்புறம் எல்லி வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், கார்ல் கொண்டுவந்து தருவது அந்த நோட்டைத்தான். பிள்ளைக்கு வைத்த ஆசை, சின்ன வயதிலிருந்து போக நினைத்த அருவிக்குத் திரும்புவது அங்கே.

வெட்டத்தான் வேண்டும் என்றால் டாக்டர் அறையை மட்டும் வெட்டலாமே என்பீர்கள். எடுத்தவர்களே அதைச் செய்து பார்த்தார்கள். அதிகப்படி என்று அந்தக் காட்சியை நீக்கியதும் படம் முழுவதும் கனம் குறைந்துபோனது, திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

அல்சூர் ஆந்தை
பார்த்தீர்களா! கருச்சிதைவாக இருந்தால் சேர்த்திருப்பார்களா? குழந்தையில்லை என்ற செய்தி என்பதால்தான் சேர்த்தார்கள்.

மல்லேஸ்வரம் மாமி
தலைகீழா சொல்றேளே. கருச்சிதைவுங்கறதாலதான் முதல்ல தயங்கினா.

கோரமங்களா கேமரா
நான் சொன்னது வெட்டைப் பற்றி.

ஜாலஹள்ளி ஜனதா
இதுக்குப் போயி ரெண்டு பக்கமா? மலடின்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டுப் போங்க குரு.

வார்டு நம்பர் 6 நர்ஸம்மா
அந்த வார்த்தையை இங்கே எழுதாதீர்கள். குழந்தையின்மையில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். கார்லுக்குக் குறை என்றால் அவருக்கு என்ன பட்டம் கொடுப்பீர்கள்? தமிழில் அதற்கு வசவு இருக்கிறதா? பொம்பளைக்கு மட்டும் ரெடியாக ஒன்று இருக்கும்.

ஜாலஹள்ளி ஜனதா
வார்த்தை இருக்கு, அதனால சொன்னேன். படம் பாக்கறவங்க அப்படித்தான் பேசுவாங்க. அட்ஜஸ்ட் மாடி.

அல்சூர் ஆந்தை
ஜனதா பேசிய விதம் தப்பு. ஆனால் நர்ஸம்மா இப்போது “குழந்தையின்மை” என்று பேசத் தொடங்கியதைக் கவனியுங்கள். இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

வார்டு நம்பர் 6 நர்ஸம்மா
ஐயா, வசவுக்குப் பதில் சொன்னேன். எல்லிக்கு நோய் கண்டுபிடிக்கவில்லை. சரி, மருத்துவமாகவே பார்ப்போம். கதை நடக்கும் காலத்தை எண்ணுங்கள். இருவரும் 1930களின் பிள்ளைகள், இளம் தம்பதியாக அந்த அறைக்குள் போகிறார்கள். கர்ப்பத்துக்கு ஸ்கேன் என்பதே கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958இல் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் மெல்லப் பரவியது. சோதனைக்குழாய்க் குழந்தை 1978. ஆக, டாக்டர் சொல்வது எதுவானாலும் அந்தக் காலத்தில் அது கடைசித் தீர்ப்பு மாதிரி. எனக்குத் தோன்றுவது: கரு கலைந்திருக்கிறது, இனிமேல் தங்காது என்றும் சொல்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதா?

அல்சூர் ஆந்தை
கூடாது.

மல்லேஸ்வரம் மாமி
கூடாது. கலைஞ்சதுதான்.

சில்க்போர்டில் சிக்கியவன்
முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

அல்சூர் ஆந்தை
காட்டியதை மட்டும் பேசுவோம். திரையில் இல்லாததைக் கற்பனை செய்வது ரசனை இல்லை. இதில் கர்ப்பிணியைக் காட்டவில்லை. காட்டாதது நடக்கவில்லை.

மல்லேஸ்வரம் மாமி
ஆஹா, யார் பேசறது! ‘பாம்பி’ சண்டை ஞாபகம் இருக்கா? 1942 படம். தாய்மான் சுடப்பட்டு விழறதைக் கண்ணால பார்த்தேன்னு மூணு நாள் மல்லுக்கு நின்னது யாரு? அதுல குண்டுச் சத்தம் மட்டும்தான் கேக்கும். குட்டி ஓடிண்டே இருக்கும், திரும்பிப் பார்த்தா அம்மா இல்லை, பனியில கூப்பிட்டுண்டே அலையும். அங்கே காட்டாததைப் பார்த்தேள். இங்கே காட்டலைன்னா நடக்கலைங்கறேள். உங்க கண்ணுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்குங்கோ.

அல்சூர் ஆந்தை
அந்த இழையை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? மான் வேறு, மனுஷி வேறு. பிரதிக்குப் பிரதி மாறியிருக்கலாம் என்றுதான் அன்று சொன்னேன்.

மல்லேஸ்வரம் மாமி
மாறலை. அன்னிக்கும் ஒத்துக்கலை, இன்னிக்கும் ஒத்துக்கலை.

ஜாலஹள்ளி ஜனதா
கார்ட்டூன் படத்துக்கு இவ்ளோ சீன். 10,297 பலூன் கட்டி வீடு பறக்குது, அதை நம்புறீங்க. வயித்துக்கு மட்டும் ஆதாரம் கேக்கறீங்க.

அல்சூர் ஆந்தை
கார்ட்டூன் இல்லை, அனிமேஷன். 10,297 என்பது மிதந்துகொண்டிருக்கும் காட்சிகளுக்கு. வீடு கிளம்பும்போது 20,622. எண்ணிக்கை சொல்வதென்றால் சரியாகச் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி ஜனதா
20,622ஐயும் உக்காந்து எண்ணினீங்களா? எல்லிக்கு மட்டும் எண்ணாம விட்டுட்டீங்களே.

கோரமங்களா கேமரா
நிகழ்ச்சி நடத்துபவர்கள் படித்தால் உபயோகப்படட்டும் என்று இதையும் எழுதுகிறேன். ஹாலில் ஸ்பீக்கர் அளவை ஆரம்பத்து நியூஸ்ரீலை (சின்ன கார்ல் தியேட்டரில் பார்க்கும் செய்திப் படம்) வைத்துச் சரிபார்க்காதீர்கள், அது இரைச்சலான பகுதி. இசையமைப்பாளர் ஜியாக்கினோவின் ஒரே வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன) மெட்டுதான் நாலரை நிமிஷமும் வரும். கல்யாணத்தில் துள்ளும், போகப் போக வாத்தியம் குறைந்து கடைசியில் பியானோ மட்டும் நிற்கும். நியூஸ்ரீலுக்கு வைத்த அளவில் அந்தப் பியானோ ஃபேன் சத்தத்தில் மூழ்கிவிடும். வசனமும் இல்லை, இசையும் கேட்கவில்லை என்றால் பிள்ளைகள் படம் நின்றுபோய்விட்டது என்று எழுந்து ஓடும். முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும்போது பியானோ வரும் இடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்று கேட்டு அளவு வையுங்கள். பிறகு சத்தமான இடம் காதைக் கிழித்தால் ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளலாம். விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம், 5 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அழுவது இருட்டுக்கும் சேர்த்துத்தான்.

புரொஜெக்டரில் இன்னொன்று. எல்லி போனதும் நிறங்கள் வெளிறி, வீட்டுக்குள் எல்லாம் மங்கலாக இருக்கும். பல்பு பழசாகிவிட்டது என்று யாராவது பிரைட்னஸை ஏற்றுவார்கள். ஏற்றாதீர்கள். பலூன் வரும்போது நிறம் திரும்ப வருவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

வார்டு நம்பர் 6 நர்ஸம்மா
இது உருப்படியான பதிவு. பிள்ளை “அந்த ஆன்ட்டி ஏன் அழறாங்க?” என்று கேட்டால் பெற்றவர்கள் ஒரு வரியில் பதில் வைத்திருக்க வேண்டும். “பாப்பா வரும்னு நினைச்சாங்க, வரலை.” 6 வயதுக்கு இது போதும். “பாப்பா தூங்கிடுச்சு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ராத்திரி தூங்கப் பயப்படும்.

அல்சூர் ஆந்தை
“வரலை.” கவனியுங்கள், “வந்து போயிடுச்சு” என்று அவரே சொல்லவில்லை.

மல்லேஸ்வரம் மாமி
“வரும்னு நினைச்சாங்க.” ஏன் நினைச்சாங்க? நாள் தள்ளிப் போச்சு, நினைச்சாங்க.

சில்க்போர்டில் சிக்கியவன்
நோட்டீஸ் திருத்தப்பட்டுவிட்டது, இப்போதுதான் வந்தது. “சோகக் காட்சி இருப்பதால் முதல் 7 நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போடுகிறோம்.”

கோரமங்களா கேமரா
அடப் பாவிகளா. முதல் 7 நிமிஷத்தில் இருப்பது நியூஸ்ரீலும், சின்ன எல்லி சோடா மூடி குத்துவதும். சிரிப்பு முழுக்க அங்கேதான். கல்யாணம் தொடங்குவதே ஏறக்குறைய ஏழாவது நிமிஷத்தில். சிரிப்பை வெட்டிவிட்டு நேராகச் சோகத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள்.

அல்சூர் ஆந்தை
கருக்கலைப்பு என்ற சொல் போய்விட்டது அல்லவா? நான் கேட்டது அதைத்தான். இந்த இழைக்கு நோட்டீஸ் போட்டவர்கள் நன்றி சொல்லியிருக்கலாம்.

மல்லேஸ்வரம் மாமி
“சோகக் காட்சி”ன்னு போட்டிருக்கா. குழந்தையில்லைன்னு போடலை. படிங்கோ.

அல்சூர் ஆந்தை
வயிறு எங்கே மாமி?