ஓடிபிசி டெஸ்ட் ஓகே, மென்பொருளில் மட்டும் கனெக்ட் ஆகவில்லை (விண்டோஸ் சர்வர் 2019, போஸ்ட்கிரஸ்)

கேள்வி:
வணக்கம். ஒரு ஜவுளி மொத்த வியாபார அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு இருப்பு டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸில், தனி லினக்ஸ் மெஷினில் ஓடுகிறது. தினமும் இரவு அதிலிருந்து இருப்புப் பட்டியலை எடுத்து எக்செல் ஃபைலாகப் போடும் பழைய மென்பொருள் ஒன்றைப் புது விண்டோஸ் சர்வர் 2019க்கு மாற்றுகிறோம். ஓடிபிசி (மென்பொருளை டேட்டாபேஸுடன் இணைக்கும் பொதுவான வழி) டிரைவர் போட்டு, டிஎஸ்என் (எந்த டேட்டாபேஸுடன் எப்படி இணைவது என்ற விவரத்தை ஒரு பெயரில் சேமிப்பது) உருவாக்கி டெஸ்ட் அழுத்தினால் கனெக்ட் ஆகிறது. மென்பொருளைத் திறந்தால் ஐஎம்014, "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்" என்று பிழை. போஸ்ட்கிரஸின் 5432 போர்ட் திறந்துதான் இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி. வேறு எங்கே பார்ப்பது?

பதில்:
டெஸ்ட் ஓகே என்றால் ஃபயர்வாலையும் லினக்ஸ் பக்கத்து செட்டிங்கையும் தொடவே வேண்டாம். ஐஎம்014 வந்தால் நெட்வொர்க் வரைக்கும் போகவே இல்லை, டிரைவரை ஏற்றும்போதே நின்றுவிட்டது என்று அர்த்தம். மென்பொருளை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று இருக்கிறதா? பழைய மென்பொருள் என்கிறீர்கள், அநேகமாக இருக்கும். 32 பிட் புரோகிராமால் 64 பிட் டிரைவரை ஏற்ற முடியாது. நீங்கள் டெஸ்ட் செய்தது 64 பிட் ஓடிபிசி விண்டோவில், அதனால்தான் அங்கே ஓகே வந்தது.

போஸ்ட்கிரஸ் ஓடிபிசிக்கு 32 பிட் இன்ஸ்டாலர் தனி. அதையும் போடுங்கள், 64 பிட்டை நீக்கத் தேவையில்லை. அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸில் 32 பிட் என்று போட்டிருக்கும் ஓடிபிசியைத் திறந்து அங்கே டிஎஸ்என் உருவாக்குங்கள். பாதை கொடுத்துத் திறப்பதானால் கவனம்: 32 பிட் விண்டோ இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில், 64 பிட் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில்.

டிரைவர் பட்டியலில் ஆன்சி, யூனிகோட் என இரண்டு தெரியும். யூனிகோடையே எடுங்கள். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜே (பழைய முறை எழுத்து அட்டவணை) கிடையாது, சரக்குப் பெயர் தமிழில் இருந்தால் ஆன்சி டிரைவரில் ஒழுங்காக வராது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, 32 பிட் தான். இப்போது நான் திறந்தால் அருமையாக ஓடுகிறது. ஆனால் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) இரவில் ஓட்டும்போது ஐஎம்002, "டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்" என்கிறது. டாஸ்க் என் லாகினில் இல்லாமல், தானியங்கி வேலைகளுக்கான வேறொரு சர்வீஸ் அக்கவுண்டில் ஓடுகிறது.

இன்னொருவர் பதில்:
டிஎஸ்என்னை யூசர் டேபில் உருவாக்கியிருப்பீர்கள். அது உங்கள் லாகினுக்கு மட்டும்தான் தெரியும். அதே 32 பிட் விண்டோவில் சிஸ்டம் டிஎஸ்என் டேபில் உருவாக்குங்கள். பழைய யூசர் டிஎஸ்என்னை அழித்துவிடுவது நல்லது. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் யூசரில் உள்ளதுதான் முதலில் எடுபடும், நாளைக்கு நீங்கள் ஒன்றை டெஸ்ட் செய்ய, டாஸ்க் இன்னொன்றை எடுத்து ஓடும். எக்செல் ஃபைல் எங்கே போகிறது? மேப் செய்த டிரைவ் (நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்தது) என்றால் அதுவும் லாகினுக்கு லாகின் தனி.

கேட்டவர்:
சிஸ்டம் டிஎஸ்என் போட்டதும் கனெக்ட் ஆகிவிட்டது. ஃபைல் இசட் டிரைவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே அங்கே நின்றது. இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, சர்வீஸ் அக்கவுண்டுக்கு அந்த ஷேரில் எழுதும் அனுமதியும் கொடுத்தேன். நேற்று இரவு பட்டியல் வந்துவிட்டது, தமிழ்ப் பெயர்களும் சரியாக இருக்கின்றன.

பதில்:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். சிஸ்டம் டிஎஸ்என்னில் பாஸ்வேர்டைச் சேமித்திருந்தால் அது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) திறந்தபடி கிடக்கும், அந்த சர்வரில் லாகின் செய்யும் சாதாரண யூசரும் படிக்கலாம். பட்டியல் எடுக்க செலக்ட் அனுமதி (படிக்க மட்டும்) போதும். போஸ்ட்கிரஸில் அந்த டேபிள்களுக்கு செலக்ட் மட்டும் உள்ள தனி யூசரை உருவாக்கி, டிஎஸ்என்னில் அதைப் போடுங்கள். போஸ்ட்கிரஸ் அட்மின் பாஸ்வேர்டு அங்கே இருக்கவே கூடாது.