காரணம் சொல்லாமல் விலகி நிற்கும் அனுமதி: உடற்கல்வி வகுப்புக்குப் பொருந்துமா?

வெள்ளைக்கோடு:
உளக்காயம் பட்ட மாணவர்களை மனத்தில் கொண்டு எங்கள் பள்ளியின் உடற்கல்வி வகுப்பை அடுத்த பருவத்திலிருந்து மாற்றி அமைக்கவிருக்கிறோம். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது இனித் தண்டனையாக இருக்காது. மாணவருக்குப் பின்னால் நின்று எவரும் விசில் ஊதக் கூடாது. உடல் நிற்கும் விதத்தைத் திருத்துவதற்காகத் தொடுமுன் கேட்க வேண்டும். இரண்டு தலைவர்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி அணி பிரிக்கும் வழக்கமும் நிற்கும். இவற்றுக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. எந்த மாணவரும் காரணம் சொல்லாமலேயே பயிற்சியிலிருந்து விலகி நிற்கலாம் என்ற ஐந்தாவது விதியில்தான் ஆசிரியர்கள் இரண்டு பட்டிருக்கிறோம். நான் அதை ஆதரிக்கிறேன்.

நிறுத்துகடிகாரம்:
பல ஆண்டுகளாகத் தடகளம் பயிற்றுவிக்கும் நான் அதை எதிர்க்கிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. வீட்டில் நிம்மதியற்ற பிள்ளைகள் பலருக்கு அதில் ஒரு பங்காவது கிடைப்பது எங்கள் வகுப்பில்தான். மேலும், தவிர்த்தல் என்பதே அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளில் ஒன்று. அஞ்சியதை விட்டு விலகியவுடன் வரும் ஆறுதலே அடுத்த முறையும் விலகத் தூண்டும். அந்தத் தவிர்த்தலுக்குப் பள்ளியே முத்திரை குத்திக் கொடுக்க வேண்டுமா?

ஆலோசனை அறை:
நான் பள்ளி ஆலோசகர். அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். நூறு மீட்டர் ஓடி முடித்த மாணவி ஒருத்தி, மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் முடிவுக் கோட்டிலேயே நின்று, கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடமாகியும் கையை எடுக்கவில்லை. வீட்டுக் கதவு இரவில் தட்டப்படும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளுமோ, ஓடும்போதும் அப்படியே அடித்தது என்று பிறகு சொன்னாள். அதில் வியப்பில்லை, அச்சத்திலும் ஓட்டத்திலும் அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு இரைக்கிறது, வியர்க்கிறது. அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சிகிச்சை பெறுபவர் அதை அறிந்து, ஒப்புக்கொண்டு, தன்னால் இயன்ற வேகத்தில் செய்கிறார். நாற்பது பேர் பார்த்திருக்க, மதிப்பெண்ணுக்காக ஓட வைப்பதை அதனோடு ஒப்பிட முடியாது.

நிறுத்துகடிகாரம்:
அந்த மாணவியே என் வாதத்துக்குச் சான்று. நெஞ்சு படபடப்பது ஆபத்தின் அடையாளம் மட்டுமன்று, ஓட்டத்தின் அடையாளமும்தான் என்பதை அவள் ஓடித்தான் அறிய முடியும். ஓரமாக உட்கார்ந்திருந்தால் ஒருபோதும் அறிய மாட்டாள். ஆதாரத்தையும் பார்ப்போம். பள்ளிகளில் நடைபெறும் உளக்காயம் சார்ந்த அணுகுமுறைகளைப் பற்றி, ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காம்ப்பெல் கூட்டமைப்பின் இதழில் 2019-இல் வெளிவந்த முறைசார் மீளாய்வில், அவர்கள் வகுத்த தகுதிக்குள் வந்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு யோகா உதவுமா என்று பார்த்த, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2014-ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 64 பெண்கள். அனைவரும் வயது வந்தவர்கள். அதை வைத்து எட்டாம் வகுப்புக்கு விதி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசி வரிசை:
ஆசிரியர்கள் நடுவே ஒரு முன்னாள் மாணவனாகப் பேசுகிறேன். எனக்கு ஓட்டம் சிக்கலாக இருந்ததே இல்லை. வகுப்பின் இறுதியில் தரையில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடச் சொல்வார்களே, அந்த அமைதிப் பயிற்சியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுற்றிலும் காலடி ஓசை கேட்கும். யார் நெருங்கி வருகிறார் என்பது தெரியாது. மென்மையான பயிற்சி என்றால் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று திட்டம் வகுப்பவர்கள் நம்பிவிட வேண்டாம். ஒரு நாள் துணிந்து எழுந்து விலகினேன். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் "உனக்கு என்ன ஆச்சு?" என்று வகுப்பே கேட்டது. காரணம் கேட்காமல் அனுமதிப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. மாணவர்களின் வாயை யார் மூடுவது?

வெள்ளைக்கோடு:
கண்ணை மூடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுப் பயிற்சி செய்யலாம் என்று திட்டத்தில் சேர்க்கிறேன். பெஞ்ச் பற்றி நீங்கள் சொன்னதும் உறைத்தது. விலகுவது என்பதை மைதானத்துக்கு வெளியே போவதாக வைக்காமல், ஒரு படி இறங்குவதாக வைத்தால் என்ன? ஓட முடியாதவர் நடக்கலாம். குழு ஆட்டத்தில் நிற்க முடியாதவர் தனியே சுவரில் பந்தை அடித்துப் பிடிக்கலாம். நேரம் குறிப்பதும் புள்ளி எழுதுவதும் எல்லோருக்கும் முறைவைத்து வந்துகொண்டிருந்தால், ஒருவர் அதைக் கேட்டு வாங்கினாலும் எவர் கண்ணிலும் படாது. ஆதாரம் போதாது என்பதையும் ஏற்கிறேன், ஆனால் தண்டனை ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஆய்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நிறுத்துகடிகாரம்:
ஒரு படி இறங்குவதை ஏற்கிறேன். மீண்டும் ஏறுவதற்கு வழி வைத்தால்தான். தொடர்ந்து மூன்று வகுப்புகள் கீழ்ப்படியிலேயே இருப்பவரிடம் ஆசிரியர் தனியே பேச வேண்டும். இன்னொரு கேள்வி: நீங்கள் சொல்பவை எல்லாம் நல்ல ஆசிரியர் எப்போதும் செய்துவந்தவைதானே, பிறகு எதற்கு உளக்காயம் என்ற கனமான பெயர்?

ஆலோசனை அறை:
பேசும்போது "ஏன் விலகினாய்" என்று தொடங்காமல், "எதை மாற்றினால் உனக்கு எளிதாக இருக்கும்" என்று கேளுங்கள். காரணம் தானாக வந்தால் என்னிடம் அனுப்புங்கள். பெயரைப் பொறுத்தவரை, அது மாணவருக்கு ஒட்டும் சீட்டு அன்று. யாருக்கு என்ன நேர்ந்தது என்ற பட்டியல் ஆசிரியர் கைக்கு வரவும் கூடாது. அந்தச் சொல் ஆசிரியருக்கானது. கத்தியவுடன் சிலைபோல் உறைந்து நிற்கும் பையனைத் திமிர் பிடித்தவன் என்று எழுதிவிடாமல் இருக்க, உறைந்து நிற்பதும் அச்சத்தின் ஒரு வடிவம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பண்பால் மட்டும் அது வந்துவிடாது, பயிற்சியும் வேண்டும்.

நிறுத்துகடிகாரம்:
முழுமையாக உடன்படவில்லை. எனினும் என் பொறுப்பிலுள்ள ஒரு பிரிவில் பருவம் முடியும்வரை இதைச் செய்து பார்க்கிறேன். எத்தனை பேர் படி இறங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் ஏறினார்கள் என்று பெயரில்லாமல் எண்ணி, என் வாதத்துக்கு எதிராக அமைந்தாலும் இங்கேயே எழுதுகிறேன். விசிலை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

வெள்ளைக்கோடு:
தாராளமாக ஊதுங்கள், அவர்களுக்கு முன்னால் நின்று.