மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: ஒரே நாளில் போய்வர

கேள்வி (கிருஷ்ணகிரி): டிசம்பர்ல அப்பா அம்மாவைக் கூட்டிப் போகணும். ஓசூர் குளிரே அவங்களுக்குத் தாங்காது. டிக்கெட், உடுப்பு, சாப்பாடு எப்படிங்க?

பதில் 1 (தருமபுரி): பேயர்ன் டிக்கெட் (ஜெர்மனியில பவேரியா மாநில உள்ளூர் ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுங்க, ஒண்ணுலயே 5 பேர் வரை போகலாம். வார நாள்ல காலை 9 மணிக்கு மேலதான் செல்லும். ஐசிஇங்கிற அதிவேக ரயில்ல செல்லாது, ஏறினா அபராதம். டிக்கெட்ல பயணிகளோட பெயரை எழுதியிருக்கணும்.

பதில் 2: குளிர் பாதத்துலதான் ஏறும், கீழே கல் பாவின தரை. கம்பளி சாக்ஸ், தடிச்ச அடிப்பாகம் உள்ள ஷூ. ஷூ இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் மரத்துப்போகும். ஒரு சைஸ் பெருசா எடுங்க. நாலரைக்கெல்லாம் இருட்டிடும், விளக்கு அழகே அப்புறம்தான்.

பதில் 3: குளூவைன்ங்கிற சூடான மசாலா வைன்ல மது உண்டு, வேண்டாம்னா மதுவில்லாத சூடான பானமான கிண்டர்புன்ஷ் கேளுங்க. கோப்பைக்கு முன்பணம் வாங்குவாங்க, திருப்பிக் கொடுத்தா வந்துடும். பன்னுல வைக்கிற 3 குட்டி சாசேஜும் பன்றி இறைச்சி. டிசம்பர் 24 மதியத்தோட கடை மூடிடுவாங்க.