சாம்பிள் வயலினில் தோடி காந்தாரம் படிக்கட்டாகக் கேட்கிறது

மெட்டுக்காரன்:
தோடி ராகத்தில் சொந்த மெட்டு ஒன்றை ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரெக்கார்டு செய்கிறேன். சாம்பிள் வயலின் (நிஜ வயலின் பதிவுகளை வைத்து ஒலிக்கும் மென்பொருள் கருவி), 25 கட்டை மிடி கீபோர்டு (கணினிக்குச் சுரக் கட்டளைகளை அனுப்புவது). ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு சுருதியை வளைக்கும் பிட்ச் வீலை முழுக்கத் தள்ளினாலும் மத்யமம் எட்டவில்லை. எடிட்டரில் புள்ளி வைத்து வரைந்தால் அசைவு படிப்படியாகத் தாவுகிறது. கோளாறு சாம்பிளிலா, செட்டிங்கிலா?

சுருதிப்பெட்டி:
செட்டிங்தான். பெரும்பாலான கருவிகளில் பெண்ட் ரேஞ்ச், அதாவது வீல் சுருதியை வளைக்கும் எல்லை, ±2 அரைச்சுரம். ஸ-விலிருந்து சுத்த மத்யமம் 5 அரைச்சுரம் தள்ளி இருக்கிறது, எப்படி எட்டும்? கருவிக்குள் போய் ரேஞ்சை 12 ஆக்குங்கள். அப்போது ஓர் அரைச்சுரத்துக்கு 683 அலகு (வீலின் ஒரு பக்க முழு அளவான 8192 ÷ 12). ஸ-வைப் பிடித்தால் ரி 683, க 2048, ம 3413. ஏற்கெனவே வரைந்த வளைவுகளை அழித்துவிடுங்கள், அவை ஆறு மடங்கு பெரிதாகிவிடும்.

படிக்கட்டுக்குக் காரணம் புள்ளிகளின் ஷேப் 'ஸ்கொயர்' என்று இருப்பது. எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, 'ஸ்லோ ஸ்டார்ட்/எண்ட்' ஆக மாற்றுங்கள்.

வில்லும்நாணும்:
கணக்கு சரி. ஆனால் ஸ-வைப் பிடித்து இழுக்க வேண்டாம். சாம்பிளை 5 அரைச்சுரம் வளைத்தால் மரப்பெட்டியின் அதிர்வும் கூடவே ஏறி, வயலின் சின்னதாகிப்போன மாதிரி ஒலிக்கும். காந்தாரத்தையே பிடியுங்கள். தோடியில் அது ரி-க்கும் ம-வுக்கும் இடையே அசைவது, இரண்டு பக்கமும் சரியாக 2 அரைச்சுரம்தான். ரேஞ்ச் 12 என்றால் ±1365.

நான்-விப்ராட்டோ சாம்பிளை எடுங்கள். பதிவிலேயே இருக்கும் நடுக்கமும் உங்கள் கமகமும் (சுரத்தின் அசைவு) மோதினால் சுருதி கலங்கும். எல்எஃப்ஓ (தானாகவே சீராக ஆட்டும் அலை) போட்டு ஆட்டவே கூடாது, ஒரே சீரான அசைவு சைரன் ஆகிவிடும். அந்தச் சங்கதியை மைக்கில் பாடி, ரீப்பரின் சுருதித் திருத்தியான ரீட்யூனில் பிட்ச் கோட்டைப் பார்த்து, எங்கே நிற்கிறது, எங்கே பாய்கிறது என்று அப்படியே வரையுங்கள். ஸ்வாம் போன்ற மாடலிங் வயலின் (பதிவை ஒலிக்காமல், ஒலியைக் கணக்கிட்டு உருவாக்குவது) இதற்கு இன்னும் பொருத்தம். அதில் எக்ஸ்பிரஷன், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கான மிடி கட்டளை சிசி 11, போகாவிட்டால் சத்தமே வராது.

மெட்டுக்காரன்:
காந்தாரம் அருமையாக வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் அடுத்த வரி முழுக்கச் சுருதி விலகி ஒலிக்கிறதே?

சுருதிப்பெட்டி:
கடைசிப் பெண்ட் மதிப்பு அந்த மிடி சேனலில் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு மிடி ஐட்டத்தின் தொடக்கத்திலும் 0 புள்ளி ஒன்று வையுங்கள். பெண்ட் சேனல் முழுமைக்கும் பொருந்தும், ஆகவே துணைச் சுரங்களை வேறு டிராக்கில் வையுங்கள். நேரடியாக வாசிக்கும்போது பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துணுக்கின் அளவு) 128 போதும், 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லிசெகண்ட் தாமதம்தான். 1024 என்றால் 21 ஆகி, வீல் கைக்குப் பின்னால் வரும்.