நாவசைவுமானியா, ஒலிப்பசைவு வரைவியா?

வணக்கமுங்க.

பேசும்போது நாக்கும் உதடும் எப்படி அசைகின்றன என்று பதிவு செய்யும் கருவி எலக்ட்ரோமேக்னெடிக் ஆர்ட்டிகுலோகிராஃப். அதற்குத் தமிழ்ப்பெயராக ஈரோட்டு அண்ணன் சொன்ன 'நாவசைவுமானி' வாயில் எளிதாகத்தான் வருகிறது, ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. அந்தக் கருவி நாக்கை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு உதட்டிலும் கீழ்த்தாடையிலும் உணரி (சென்சார்) ஒட்டுகிறார்கள், தலை ஆடினால் அந்த ஆட்டத்தைக் கழிப்பதற்காகக் காதுக்குப் பின்னாலும் மூக்குத் தண்டிலும்கூட ஒட்டுகிறார்கள். அப்புறம் அந்த 'மானி'. வெப்பமானி போல ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நிற்பதில்லையே இது. நொடிக்கு 200, 250 தடவை ஒவ்வோர் உணரியும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொண்டே போய் அசைவின் தடத்தை வரைந்து தருகிறது. எனவே 'வரைவி'.

இயங்கும் விதம் நம் கோவையில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுகிறவர்களுக்கு ஒரு வரியில் புரிந்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் ஒரு சுருளை வைத்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும், தள்ளிப் போகப் போகக் குறையும், அவ்வளவுதான். தலையைச் சுற்றி அனுப்புசுருள்கள் (ஏஜி501 என்ற ஜெர்மன் கருவியில் 9), ஒவ்வொன்றும் வேறு வேறு அதிர்வெண்ணில். உணரி என்பதும் ஒரு சுருள்தான்; நாக்கில் ஒட்டிய அந்தச் சின்னஞ்சிறு சுருளில் எந்த அதிர்வெண் எவ்வளவு வருகிறது என்று பார்த்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஊடுகதிர் (எக்ஸ்ரே), மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கொண்டும் நாக்கைப் பார்க்கிறார்கள் என்பதால் முழுப்பெயரில் 'மின்காந்த' இருந்தே ஆக வேண்டும்.

நடுச்சொல்லுக்கு 'பேச்சுறுப்பு' என்றும் யோசித்தேன். குரல்நாணும் பேச்சுறுப்புதான், அங்கே உணரியை ஒட்ட முடியாது. ஒலிப்பிடம் (ஒலி வாயில் பிறக்கும் இடம்), ஒலிப்புமுறை (அது பிறக்கும் விதம்) இரண்டும் மொழியியல் பாடத்தில் ஏற்கெனவே ஊன்றிவிட்டவை. அந்தக் குடும்பத்திலேயே 'ஒலிப்பசைவு' வரட்டும். ஆக, மின்காந்த ஒலிப்பசைவு வரைவி. அது தரும் பதிவு ஒலிப்பசைவு வரைவு.

நாக்கின் மேல் பெரும்பாலும் மூன்று உணரி. தொல்காப்பியப் பிறப்பியல் நுனிநா, இடைநா, முதல்நா என்று பிரித்தே வைத்திருக்கிறது, முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். முதல்நா என்பது நாவின் அடி. அவ்வளவு உள்ளே ஒட்டினால் குமட்டும், ஆகவே அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அதை 'முதல்நா உணரி' என்றால் படிக்கிற மாணவர் தவறான இடத்தை நினைத்துக்கொள்வார். 'பின்நா உணரி' சரியாக இருக்கும் என்று படுகிறது.

இந்த முறையைத் தமிழுக்குப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள்: 1999இல் பேச்சொலி ஆய்வாளர் சிறீகாந்த் நாராயணனும் உடன் ஆய்ந்தவர்களும் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் இதனோடு எம்ஆர்ஐ படங்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். நம் கொங்குப் பக்கத்து 'என்ற ஊடு' (என் வீடு), 'உன்ற தோட்டம்' (உன் தோட்டம்) என்பதில் வரும் ன்ற-வில் நுனிநா பல்லின் பின்மேட்டில் எந்த இடத்தில் தொடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இப்படி அளந்து பார்க்க எனக்குப் பெரிய ஆசை. கோபியிலும் பொள்ளாச்சியிலும் வயதானவர்கள் சொல்வதும் பிள்ளைகள் சொல்வதும் ஒன்றா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

'பின்நா'வில் மறுப்பு இருந்தால் சொல்லுங்க. மற்றவற்றை இப்படியே கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.